ஒரு வாளித் தண்ணீரும் பிச்சையம்மாளின் முகமும்

பக்கத்து அறையில் பம்பு இருமியது.

அய்யாத்துரையின் கையிலிருந்த டீ கிளாஸ் உதட்டருகே அப்படியே நின்றது. டக் டக் என்று சீராக ஓடிக்கொண்டிருந்த சத்தத்துக்குள் சளி கட்டிய மார்பிலிருந்து வருவதுபோல ஒரு கரகரப்பு. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பின் வயிற்றிலிருக்கும் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளுவது அந்தப் பம்பின் வேலை. அதன் அதிர்வு மெஷினைத் தொடக்கூடாது என்று தனி அறையில் வைத்திருந்தார்கள். பத்தொன்பது வருடமாக அந்தச் சத்தத்தோடு வாழ்கிறவருக்கு அதன் ஒவ்வொரு முனகலுக்கும் அர்த்தம் தெரியும்.

"என்ன சார், படத்துக்கு ஏதும் ஆயிப்போச்சா?" எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த யுவராணி பதறி எழுந்தாள்.

"ஒண்ணும் ஆகலத்தா. உக்காரு. காகிதம்ல. முப்பது வருசமாக் குடிச்ச ஈரத்தைக் கக்குது. செத்த நேரத்துல அடங்கிரும்."

சொன்னபடியே அடங்கியது. யுவராணிதான் அடங்கவில்லை. காலையிலிருந்து சேலை முந்தானையைச் சுருட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். கடமலைக்குண்டில் தையல் மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைத்துப் பிழைப்பவள் அவள். வயது முப்பத்தேழு. முதல் பஸ் பிடித்துத் தேனிக்கு வந்து, அங்கிருந்து போடி சாலையில் இருக்கும் இந்தப் பொறியியல் கல்லூரிக்கு வந்து சேர்ந்திருந்தாள். எவர்சில்வர் டிபன் டப்பாவில் பஞ்சு விரித்து, அதன்மேல் ஒரு பாஸ்போர்ட் அளவுப் படத்தை வைத்துக் கொண்டுவந்திருந்தாள். அவளுடைய அம்மா பிச்சையம்மாளின் படம். உலகத்தில் அந்த அம்மாவுக்கு இருக்கும் ஒரே படம்.

படம் என்று அவள்தான் சொன்னாள். பார்க்கிறவர்களுக்கு அது மோர் நிறத்தில் ஒரு துண்டு அட்டை. நடுவில் செம்பழுப்பாக ஒரு கறை. கறையைச் சுற்றி, உற்றுப் பார்த்தால் ஒரு தலையின் நிழல். அவ்வளவுதான்.

"நீங்க பேசிக்கிட்டே இருங்க, நான் தொடச்சுட்டுப் போறேன்." அறையைத் துடைக்கும் ராக்கம்மாள் ஈரத்துணியோடு உள்ளே வந்தாள். யுவராணியின் தெருக்காரி. இந்த மெஷினைப் பற்றி அவளிடம் சொன்னதும், துறைத்தலைவரிடம் கெஞ்சி, ஆராய்ச்சி மாணவர்கள் வராத சனிக்கிழமைக்கு அனுமதி வாங்கிக் கொடுத்ததும் ராக்கம்மாள்தான். "இந்த ரூமுக்குள்ள மட்டும் செருப்புப் போடக்கூடாதாம், சத்தமாப் பேசக்கூடாதாம். ஒரு உண்டியல் வச்சிட்டா சோலி முடிஞ்சது சார்."

"முதல் காசு நீ போடு."

"போடுறேன். அதுக்கு முன்னாடி அந்தா மூலையில இருக்குல்ல தங்கம் பூசுற டப்பா, அதுல என் தோட்டை ஒரு நா வச்சு எடுங்க. பத்தொம்பது வருசமாக் கேக்குறேன், மனுசன் மசியமாட்டேங்குறாக."

யுவராணியின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு எட்டிப்பார்த்தது. "அம்மா படத்துக்கும் தங்கம் பூசுவீகளா சார்?"

"மின்சாரம் கடத்தாத சாமானுக்கெல்லாம் பூசுறது வழக்கந்தான். ஆனா பூசினாத் திருப்பி எடுக்க முடியாது. அதான் பூசாம, உள்ள கொஞ்சம் காத்தை விட்டுவச்சு ஓட்டுறேன். நேரம் கூட ஆகும். படம் அப்படியே உன் கைக்கு வந்துரும்."

அவள் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு அய்யாத்துரையின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. காரணம், அரை மணி நேரத்துக்கு முன்னால் அவர் பார்த்துவிட்ட ஒன்று. படத்தைப் பலகையில் பொருத்துவதற்காகத் திருப்பியபோது, சுவர்ச் சுண்ணாம்பு ஒட்டியிருந்த அதன் முதுகில் ஊதா மையில் பாதி அழிந்த முத்திரை தெரிந்தது. '...டுடியோ, போடி'. பக்கத்தில் பென்சிலில் 412 என்று ஓர் எண். நாலின் வாலைச் சுழித்து மேலே தூக்கியிருந்தது. இன்று காலை மெஷின் பதிவேட்டில் தேதி எழுதும்போதும் அய்யாத்துரை நாலின் வாலை அப்படித்தான் சுழித்திருந்தார்.

அதை அவளுக்குக் காட்டாமலே படத்தை உள்ளே வைத்துக் கதவை மூடியிருந்தார்.

"இது எப்படிச் சார் கண்டுபிடிக்கும்?" ராக்கம்மாள் துடைப்பதை நிறுத்திக் கேட்டாள். "இத்தனை வருசமாக் கூட்டுறேன், எனக்கே வெளங்கல."

"உள்ள இருந்து எலக்ட்ரான் போயி சாமான் மேல மோதும். மோதினதும் அந்தச் சாமான்ல இருக்குற ஒவ்வொண்ணும் ஒரு எக்ஸ்ரேயைத் திருப்பி விடும். இரும்புக்கு ஒரு கொரலு, செம்புக்கு ஒரு கொரலு. ஒண்ணு கொரல்ல இன்னொண்ணு பேசாது. அதைக் கேட்டு, எங்கன எது இருக்குன்னு இந்த மெஷினு படம் போட்டுக் காட்டும். பழைய கறுப்பு வெள்ளைப் படத்துல கறுப்பா இருக்குறது பூராம் வெள்ளி. கண்ணுக்குத்தான் மங்கிருச்சு. வெள்ளி எங்கயும் ஓடிப்போகல. அங்கனயேதான் இருக்கும்."

"அப்ப அம்மா அதுக்குள்ளதான் இருக்காகளா?" என்றாள் யுவராணி.

"இருக்காகத்தா."

முகம் இருந்த இடத்தைப் பன்னிரண்டு கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு இருபது நிமிடம் என்று வைத்துவிட்டு அவர் பின்னால் சாய்ந்தார். நாலு மணி நேர வேலை. ராக்கம்மாள் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

யுவராணி தானாகவே பேச ஆரம்பித்தாள்.

"எனக்கு ஆறு வயசு சார். அம்மா கேரளாப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போவாக. தோட்டத்துக் கார்டுக்காக எடுத்த படம் இது. எடுத்து மூணாம் மாசம் போடிமெட்டு வளைவுல ஜீப்பு கவுந்துருச்சு. மிச்சம் இருந்த ஒரு படத்தை அப்பா செவுத்துல ஒட்டிவிட்டாரு. கண்ணாடி போடணும்னு ஆருக்குத் தெரியும்? வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நான்தான் ஸ்டூல் போட்டு ஏறி, ஈரக் கையால சந்தனமும் குங்குமமும் வைப்பேன். ஒரு வாரம் தப்புனது கெடையாது."

அவள் குரல் தேய்ந்தது.

"போன பங்குனியில அப்பா போயிட்டாரு. போறதுக்கு மொத நாள் படத்தைக் கேட்டாரு. செவுத்துலருந்து உரிச்சுக் குடுத்தேன். கண்ணுகிட்ட வச்சு வச்சுப் பாத்துட்டு, உங்கம்மா மொகம் எங்கத்தா, இப்படிப் பொட்டு வச்சே அழிச்சுட்டியேன்னாரு. அதுக்கப்புறம் அந்த மனுசன் வாயத் தொறக்கல சார். அதான் கடைசிச் சொல்லு."

அய்யாத்துரை பம்புச் சத்தத்தைக் கேட்பவர்போலத் தலை குனிந்துகொண்டார்.

"தேனியில கம்ப்யூட்டர் கடையில குடுத்தேன். அஞ்சு நிமிசத்துல பளபளன்னு ஒரு பொம்பளையக் கொண்டாந்து காட்டுனான். சினிமாக்காரி கணக்கா இருந்துச்சு. இது ஆருப்பான்னேன். உங்கம்மாதான்கிறான். எங்கம்மாவை அவனுக்கு எப்படித் தெரியும்? எனக்கே மறந்துபோச்சு சார். அதான் நெசம். மூக்கு எப்படி, கண்ணு எப்படின்னு ஒண்ணும் ஞாபகத்துல வரல. அழிச்சவ நான்தான்."

பேச்சை மாற்றவோ என்னவோ, அவள் மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த படத்தைப் பார்த்தாள். இரட்டைச் சடை, கனகாம்பரம், கன்னத்தில் குழி விழச் சிரிக்கும் ஒரு பெண். கறுப்பு வெள்ளைப் படம்.

"இது ஆரு சார்?"

"என் வீட்டுக்காரி. சண்முகத்தாய். போயி நாலு வருசமாச்சு. அந்தப் படம் கல்யாணத்துக்கு முந்தி நான் எடுத்தது. தொண்ணூத்தி மூணுல."

"நேத்து எடுத்த மாதிரி இருக்கே."

"நல்லா அலசின படம்." சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்த வார்த்தை அவருக்கே உறைத்தது.

வடுகபட்டியில் பூண்டு வியாபாரம் செய்த தகப்பனுக்குப் பிறந்த அய்யாத்துரைக்குத் தராசு பிடிக்கவில்லை. பிளஸ் டூ முடித்ததும் போடியில் ஒரு ஸ்டுடியோவுக்கு வேலைக்குப் போனார். அந்த டார்க் ரூமின் சிவப்பு விளக்கும், புளித்த ரசாயன வாடையும், வெள்ளைக் காகிதத்தை மருந்துத் தட்டில் போட்டு ஆட்டும்போது ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு புருவம், ஒரு கம்மல், ஓர் உதடு எழுந்து வருவதும் இன்றைக்கும் கனவில் வரும். அந்த அதிசயத்தைத் தினம் நாற்பது தடவை பார்த்தாலும் அவருக்குச் சலித்ததில்லை. கல்யாணமாகிப் போகும் பெண்கள், வெளிநாடு போகும் பையன்கள், மொட்டை போட்ட குழந்தைகள் என்று பாதிப் போடி அவர் விரல் நுனியில் ஈரமாகச் சொட்டியிருக்கிறது.

டிஜிட்டல் வந்தது. ஸ்டுடியோ மூடியது. நெகட்டிவ்களையெல்லாம் வெள்ளி எடுக்கிறவன் மூட்டை கட்டித் தூக்கிப்போனான். அதே வருடம் இந்தக் கல்லூரிக்கு எங்கேயோ கழித்துக்கட்டிய ஒரு பழைய எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் இலவசமாக வந்தது. அது பிலிமில் படம் எடுக்கும் மெஷின். பிலிம் கழுவ ஆள் இல்லை. பத்து நாள் வேலை என்று கூப்பிட்டார்கள். பிலிம் கழுவ வந்தவர் மெஷினைத் திறக்கக் கற்றார், எலக்ட்ரானைக் கக்கும் இழையை மாற்றக் கற்றார், புது மெஷினும் எக்ஸ்ரே கருவியும் வந்தபோது டாக்டர் பட்டம் வாங்கியவர்களே அவரைக் கேட்டுத்தான் பொத்தானைத் தொட்டார்கள். பொட்டிப்புரம் மலைக்கல், உடைந்த மோட்டார்த் தண்டு, மில் பஞ்சில் கிடந்த தூசி, எத்தனையோ வந்து போயின. திரையில் எக்ஸ்ரே அளவுகோலின் மேல் எழும் கோபுரங்களைப் பார்த்தே, மூணுக்கு ஒரு நூல் கம்மியா நிற்கிறது வெள்ளி, ரெண்டே காலைத் தாண்டி நிற்கிறது கந்தகம் என்று சொல்லிவிடுவார்.

ஆனால் ஒருநாள் தன் இருபத்து நான்காவது வயதே அந்த மெஷினுக்குள் வந்து உட்காரும் என்று அவர் நினைத்துப் பார்த்தாரா?

தொண்ணூற்று மூன்று, சித்திரை மாதம். வீரபாண்டித் திருவிழா. போடியில் தண்ணீர் வந்து ஆறு நாள் ஆகியிருந்தது. ஏலத்தோட்டத்து ஆட்கள் முப்பது பேர் கார்டுப் படத்துக்காக வரிசையில் நின்றார்கள். சாயங்கால ஜீப்புக்குள் படம் வேண்டும். எடுத்தார், கழுவினார், பிரிண்ட் போட்டார். கடைசியில், பிம்பத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ மருந்திலிருந்து எடுத்த படத்தை நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் அலச வேண்டும். நாலு வாளியாவது மாற்ற வேண்டும். பின்கட்டில் இரண்டு வாளி இருந்தது. தெருமுனை அடிகுழாய்க்குப் போனால் இன்னும் இரண்டு பிடிக்கலாம். ஒரு மணி நேரம் நிற்க வேண்டும்.

அன்றைக்கு ஆறு மணிக்கு ராட்டினத்துக்குப் பக்கத்தில் நிற்பதாகச் சண்முகத்தாய் சொல்லியிருந்தாள்.

முப்பது பேருடைய படங்களையும் ஒரே வாளியில் முக்கி எடுத்தார். உலர்த்திக் கொடுத்தார். மிச்சமிருந்த இன்னொரு வாளித் தண்ணீரில் அவர் முகம் கழுவி, தலை நனைத்து, பவுடர் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். வீரபாண்டியில் முல்லையாறு முழங்காலளவு ஓடியது. அக்னிச்சட்டி ஏந்தியவர்கள் போகும் கூட்டத்துக்கு நடுவே அவள் வந்தாள். ஆற்றில் கால் நனைத்து நின்று, அவர் முகத்தில் தண்ணீரை வாரி அடித்துச் சிரித்தாள். அவருடைய வாழ்க்கையில் அதைவிட நல்ல சாயங்காலம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. அடுத்த வாரம் அவளைப் படம் எடுத்தபோது, அந்த ஒரு படத்தை இரண்டு மணி நேரம் அலசினார்.

சரியாக அலசாத படத்தில் ஹைப்போ தங்கிவிடும். அதிலிருக்கும் கந்தகம் வருடக்கணக்கில் வெள்ளியைத் தின்று மஞ்சளாக்கும். ஸ்டுடியோவில் சேர்ந்த முதல் நாளே முதலாளி சொல்லிக் கொடுத்த பாடம் அது.

ஒன்றரை மணிக்குப் பன்னிரண்டாவது கட்டம் முடிந்தது.

"கண்ணை மூடிக்கத்தா. நான் சொல்றப்பத் தொற."

கட்டங்களை ஒட்டினார். வெள்ளியை மட்டும் தேர்ந்தெடுத்து, கறுப்பும் வெள்ளையுமாக மாற்றி, பழைய டார்க் ரூம் கைப்பழக்கத்தோடு அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு புருவம் எழுந்தது. பிறகு ஒரு மூக்குத்தி. பிறகு, வெளிச்சம் தாங்காமல் லேசாகச் சுருங்கிய கண்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு இறுக்கிய உதடு.

"இப்பப் பாரு."

யுவராணி பார்த்தாள். கத்தவில்லை, அழவில்லை. எழுந்து போய், திரையில் மூக்கு முட்டுகிற தூரத்தில் நின்றாள். அவளுடைய கை தானாகத் தன் உதட்டைத் தொட்டது. அதே உதடு. அதே இறுக்கம்.

"என் மூஞ்சிதான் சார் எங்கம்மாவுக்கு," என்றாள் மெதுவாக. "இத்தனை நாளு கண்ணாடியில பாத்துக்கிட்டுதான் இருந்திருக்கேன்."

அப்போதுதான் கண்ணீர் வந்தது. அய்யாத்துரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் திரையின் ஓரத்தைச் சுட்டினாள். மெஷின் கண்டுபிடித்த மற்ற தனிமங்கள் சின்னச் சின்னக் கட்டங்களாக அங்கே வரிசையாக நின்றன. "இந்த ஒத்தை உருண்டை என்ன சார்?"

"கால்சியம். குங்குமத்துல சுண்ணாம்பு இருக்குல்ல, அது. நீ வச்ச பொட்டு."

"அதுக்குப் பக்கத்துல? அங்கனயும் எங்கம்மாதான தெரியிறாக?"

அந்தக் கேள்விக்குத்தான் அவர் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தார். அது கந்தகத்தின் கட்டம். காகிதத்தின் அடிப்பூச்சில் கந்தகம் உண்டு, அதுதான் தெரிகிறது என்று சொல்லிவிட்டால் இந்த உலகத்தில் யார் மறுக்கப்போகிறார்கள்? ஆனால் அவர் கண்ணுக்குத் தெரியாதா? அடிப்பூச்சு என்றால் கட்டம் முழுக்க ஒரே சீராகப் பரவியிருக்கும். இங்கே வெள்ளி இருந்த இடத்திலெல்லாம் கந்தகம் போய் உட்கார்ந்திருந்தது. புருவத்தில், மூக்குத்தியில், உதட்டில். அவர் செய்த காரியம் ஒரு முகமாகவே எழுந்து அவரைப் பார்த்தது.

"பொட்டு வச்சதாலதான சார் இப்படி ஆச்சு?" யுவராணி மறுபடியும் கேட்டாள். "தெரிஞ்சுக்கிடுறேன். சொல்லுங்க."

மேசைக் கண்ணாடிக்குள் சண்முகத்தாய் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இல்லத்தா," என்றார் அய்யாத்துரை. "பொட்டு மேலாக்க இருக்கு. அதுக்கடியில வெள்ளி அப்படியேதான் இருக்கு பாரு. நீ ஒண்ணையும் அழிக்கல. இந்தப் படத்தை அழிச்சது கந்தகம். அதை அதுக்குள்ள விட்டது நான்."

அவளுக்குப் புரியவில்லை. அவர் மெஷினைத் திறந்து, படத்தை எடுத்து, அதன் முதுகைக் காட்டினார். முத்திரையைக் காட்டினார். பதிவேட்டை எடுத்து இரண்டு நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தண்ணீர் வராத ஆறு நாளையும், முப்பது பேரையும், ஒரே வாளியையும், ராட்டினத்தையும் ஒளிக்காமல் சொன்னார். அப்பா சொன்ன கடைசிச் சொல் அவளுக்கு உரியதல்ல, தனக்கு உரியது என்றும் சொன்னார்.

யுவராணி படத்தின் முதுகிலிருந்த எண்ணை விரலால் தடவினாள்.

"எங்கம்மா அன்னைக்கு என்ன பேசுனாகண்ணே?" என்றாள். சார் எப்போது அண்ணனானது என்று இருவருக்குமே தெரியவில்லை. "சிரிப்பை அடக்கிக்கிட்டு இருக்காகளே. நீங்க ஏதாச்சும் சொன்னீகளா?"

அய்யாத்துரை கண்ணை மூடி நினைத்துப் பார்த்தார். முப்பது பேர். சாயம் போன சேலைகள். வியர்வை. சீக்கிரம், சீக்கிரம் என்று தான் அதட்டிய சத்தம்.

"ஞாபகம் வரலத்தா. என்ன யோசிச்சாலும் வரல. அன்னைக்கு எனக்கு ஒரே ஒரு மொகந்தான் கண்ணுல நின்னுச்சு."

அவள் மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த படத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு தன் கையிலிருந்ததைப் பார்த்தாள். ஒரே மாதத்தில், ஒரே கையால் எடுத்த இரண்டு படங்கள்.

"ஒரு வாளித் தண்ணிதானேண்ணே," என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

வெள்ளியில் எழுந்த முகத்தை அவர் பெரிதாக அச்சடித்துக் கொடுத்தார். அவள் அதைச் சுருட்டாமல், இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துத் துணியால் கட்டினாள். பழைய படத்தைப் பஞ்சோடு டப்பாவுக்குள் வைத்தாள். ராக்கம்மாள் வந்து எட்டிப்பார்த்து, "முகம் வந்துருச்சா? வந்துருச்சுல்ல? நான் சொன்னேன்ல, எங்க சார் மசியமாட்டாக, ஆனா சாமி மாதிரின்னு," என்று ஆரம்பித்தவள், இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, "மூணு மணி பஸ்ஸுக்கு நேரமாச்சு. வாசல்ல நிக்கேன்," என்று நகர்ந்துவிட்டாள்.

யுவராணி வாசற்படி வரை போய்ச் செருப்பை மாட்டினாள். திரும்பினாள்.

"இனிமே வெள்ளிக்கெழம பொட்டு வைக்கலாம்லண்ணே?"

"வைக்கலாம்த்தா. கண்ணாடி போட்டு, கண்ணாடி மேல வை."

அவள் தலையசைத்தாள். பிறகு, அவர் தோளுக்குப் பின்னால் தெரிந்த மேசையைப் பார்த்துக் கேட்டாள்: "அந்த அக்காவுக்கு நீங்க பொட்டு வைக்கிறது இல்லையா?"

"இல்ல. பொட்டு வச்சா..." அவர் முடிக்கவில்லை. பொட்டு வைத்துவிட்டால் அவள் போய்விட்டாள் என்று ஆகிவிடுமே. நாலு வருடமாக அவர் யாரிடமும் சொல்லாதது அது.

யுவராணிக்குப் புரிந்தது.

"வைங்கண்ணே," என்றாள். "பொட்டு ஒண்ணும் பண்ணாது."

டப்பாவை மார்போடு அணைத்தபடி அவள் தாழ்வாரத்தில் நடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. வெயில் விழுந்த மூலையில் ராக்கம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் திரும்பி மறைகிற வரைக்கும் அய்யாத்துரை நின்று பார்த்தார். பிறகு, உள்ளே தூசி வந்துவிடக்கூடாது என்ற பழைய பழக்கத்தில், சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.